உங்கள் மாமா பிரேக்கை மிதித்தார்

பிள்ளைகளா, போன மாதம் ஒரு நாள் உங்கள் பள்ளிக்கூட வேன் வரவில்லை. மாமா தன்னுடைய மூன்று சக்கர ஸ்கூட்டரைத் தெருவில் திருப்பி நிறுத்தி, "ஏறுங்க ரெண்டு பேரும். சாயல்குடிதானே, நான் விட்டுட்டு வாரேன்" என்று கூப்பிட்டார். சின்னவள் பையை முதுகில் மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"வேணாம் மாமா. நீங்க வேகமாப் போவீங்க. எனக்குக் காலு வேணும்" என்றாள்.

பெரியவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அம்மா "வாயப் பாரு" என்று அதட்டினாள். ஆனால் ஏறு என்று அவளும் சொல்லவில்லை. மாமாவும் சிரித்தார். "அதுவும் நியாயந்தான். குடும்பத்துக்கு ஒரு காலு போனது போதும்" என்று சொல்லிவிட்டு, ஊன்றுகோலைப் பின்னால் சரியாகச் செருகி வைத்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். நான் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தேன். கயிற்றை முடிச்சுப் போட்டேன், அவிழ்த்தேன், மறுபடியும் போட்டேன்.

நீங்கள் பேசியதில் தப்பு இல்லை. உங்களுக்குச் சொல்லி வளர்த்தது அப்படி. மாமா வேகமாக ஓட்டினார், கார் ஓடைப் பாலத்துச் சுவரில் மோதியது, கால் போயிற்று. நம் சொந்தபந்தம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது உண்மை இல்லை. உண்மை என்ன என்பது நாலு வருசமாக இரண்டே பேருக்குத் தெரியும். அதில் ஒருவன் நான். உங்களை உட்கார வைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் பெரியவன் திருத்திப் படிக்கவும்.

வீட்டுக்குப் பின்னால் கருவேல மரத்தடியில் கல்லுக்கு மேல் நிற்கிறதே, கோழி முட்டையிடுகிற கார், அதுதான் அந்தக் கார். நீங்கள் அதற்குள் உட்கார்ந்து விளையாடியதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு "இப்ப நான்தான் மாமா" என்பீர்கள். கொஞ்ச நேரம் வாயால் வண்டி ஓட்டுவீர்கள். அப்புறம் "டமார்" என்பீர்கள். அப்போதெல்லாம் உங்கள் அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள்.

வாங்கும்போது அது வெள்ளை வெளேரென்று இருந்தது. ஏழு பேர் உட்காரலாம். இரண்டு வருசம் மழை பொய்த்து மிளகாய் கருகிப் போனதால், கிழக்கே இருந்த ஒரு துண்டு நிலத்தை விற்று வாங்கினேன். சொந்த உபயோகத்துக்கு என்று பதிந்த வண்டி. ஒயிட் போர்டு என்பார்கள். அதை வாடகைக்கு விடக் கூடாது. வாடகைக்கு என்றால் மஞ்சள் போர்டு வேண்டும், பெர்மிட் வேண்டும், அதற்கு அலைய வேண்டும். நம் பக்கத்தில் பாதிப் பேர் ஒயிட் போர்டில்தான் வாடகை ஓட்டுகிறார்கள். நாங்களும் ஓட்டினோம். போலீஸ் மறித்தால் எல்லோரும் சொந்தக்காரர்கள் என்று சொல்ல வேண்டும். ஏறும்போதே பயணிகளுக்குப் பாடம் சொல்லி ஏற்றுவோம். ஒரு தடவை எழுபது வயதுப் பெரியவர் ஒருவர், என்ன உறவு என்று கேட்டதும் பயந்துபோய் மாமாவைக் காட்டி "எங்க மாமனார்" என்று சொல்லிவிட்டார். மாமாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. அந்தப் போலீஸ்காரரே சிரித்துவிட்டு அனுப்பி வைத்தார்.

எனக்கு மிளகாய்க் காட்டில் வேலை இருக்கும் நாட்களில் மாமா ஓட்டுவார். என்னைவிட அவர்தான் நன்றாக ஓட்டுவார். பள்ளம் பார்த்து இறக்குவார். பின்னால் உட்கார்ந்திருக்கிற வயசாளிகள் தூங்கிவிடுவார்கள்.

ஓட்டம் பெரும்பாலும் ராமேஸ்வரத்துக்குத்தான். அமாவாசை என்றால் இரண்டு நடை. திதி கொடுக்க வருகிறவர்கள் கடலில் முழுகிவிட்டு, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் நனைந்துவிட்டு, ஈரத்துணியோடு வந்து ஏறுவார்கள். சீட்டிலிருந்து தண்ணீர் சொட்டி அடித் தகட்டில் தேங்கி நிற்கும். அப்புறம் தனுஷ்கோடி பார்க்க வேண்டும் என்பார்கள். அங்கே காற்று கடல் தண்ணீரை ரோட்டின் மேலேயே தெளித்துக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்து கதவைத் தொட்டால் கை பிசுபிசுக்கும்.

அதனால் ஒவ்வொரு நடை முடிந்ததும் நானும் மாமாவும் காரைக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவோம். மோட்டாரைப் போட்டு, குழாயைப் பிடித்து, அடியில் கூடப் பீய்ச்சி அடிப்போம். காரை இப்படி வைத்திருக்கிற ஆள் இந்தப் பக்கத்தில் இல்லை என்று எனக்குப் பெருமை. அந்தத் தண்ணீர் நம்முடைய போர் தண்ணீர். அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆடு குடிக்கும், நாம் குடிக்க மாட்டோம். சோறு வைத்தால் மஞ்சளாகும். குடிக்க லாரித் தண்ணீர் குடம் குடமாக வாங்குகிறோம். அந்தக் குடத் தண்ணீரைக் காருக்கு ஊற்றினால் ஊர் சிரிக்கும். அப்படி ஒரு யோசனையே எனக்கு வந்ததில்லை. தண்ணீர் என்றால் அழுக்கு போகும், அவ்வளவுதான் தெரியும்.

சர்வீசுக்கு ராமநாதபுரத்தில் கம்பெனி இடம் இருந்தது. முதல் மூன்று வருசம் கேரண்டி இருந்ததால் அங்கேதான் விட வேண்டும் என்றார்கள். கேரண்டி முடிந்த பிறகு, எங்கே விடுவது என்ற கேள்வி வந்தது. மாமா, "மண்டபத்துல ஒரு பாய் இருக்காராம் மச்சான். இதே கம்பெனியில பத்து வருசம் வேலை பார்த்தவராம். இந்த வண்டிய மட்டுந்தான் தொடுவாராம். தீவுல டாக்சி ஓட்டுற பூராப் பேரும் அவருகிட்டதான் விடுறாங்களாம்" என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். நான் கேட்கவில்லை. கம்பெனிச் சீல் புத்தகத்தில் வரிசையாக விழுந்திருந்தால் பிற்பாடு விற்கும்போது நல்ல மதிப்பு இருக்கும் என்று சொன்னேன்.

அது பாதிக் காரணம். மீதியையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் கண்ணாடிக் கதவைத் திறந்து நுழைந்ததும் குளிரும். காப்பி தருவார்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட தம்பி எழுந்து நின்று "வாங்க சார்" என்பான். தாலுகா ஆபீசிலும் பாங்கியிலும் என்னை "ஏய், அங்கிட்டு நில்லு" என்று சொன்னவர்கள் உண்டு. சார் என்று கூப்பிட்ட இடம் அது ஒன்றுதான். அங்கே போகிற அன்று நான் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போவேன்.

ஆனால் அங்கே போனால் ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தம்பி ஒவ்வொரு தடவையும் கேட்பான்.

"வண்டி எங்க சார் அதிகமா ஓடும்?"

"வீட்டுக்குத்தான் தம்பி. ஆஸ்பத்திரி, கல்யாணம் காச்சி."

"கடற்கரைப் பக்கம் ஓடுமா சார்?"

"எப்பவாச்சும்."

"கிலோமீட்டர் நெறைய இருக்கே சார்."

"சொந்தபந்தம் ஜாஸ்தி தம்பி."

அவன் சிரித்துக்கொண்டே கையிலிருந்த பலகை மாதிரிக் கம்ப்யூட்டரில் எதையோ தட்டுவான். ஒயிட் போர்டை வாடகைக்கு விடுவது அவர்கள் எழுத்தில் ஏறிவிட்டால் பின்னால் ஏதாவது வில்லங்கம் வரும் என்று எனக்குப் பயம். அதனால் அவர்களைப் பொறுத்தவரை, என் கார் கடலையே சரியாகப் பார்க்காத கார். வீட்டுக் காருக்கு என்ன பார்ப்பார்களோ அதைச் சரியாகப் பார்த்துக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஐந்தாவது வருசம், மாமாவுக்குப் பெண் பேசித் தாம்பூலம் மாற்றின மாதம், ராமேஸ்வரத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். கல்யாண வீட்டு ஆட்களை ரயிலடியில் இறக்கிவிட்டு நான் மட்டும் திரும்பினேன். பாம்பன் பாலத்தில் ஏறும்போது பின்பக்கம் கரகரவென்று சத்தம். பாலத்தைத் தாண்டி மண்டபம் வந்ததும், வேறு வழி இல்லாமல் அந்தப் பாய் ஒர்க்‌ஷாப்பைக் கேட்டு விசாரித்துப் போனேன்.

போர்டு எதுவும் இல்லை. தகரக் கொட்டகை, நடுவில் ஒரு குழி. பாய்க்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். காரைக் குழிக்கு மேல் ஏற்றச் சொல்லி, விளக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார். சத்தம் பேரிங்கிலிருந்து வந்தது. அதை ஒரு நிமிசத்தில் சொல்லிவிட்டார். அப்புறமும் வெகுநேரம் மேலே வரவில்லை.

"அண்ணே, இது ரோட்டுல ஓடுதா, கடலுக்குள்ள ஓடுதா?" என்று குழிக்குள்ளிருந்து கேட்டார்.

"ஏன் பாய்?"

"வாடகை வண்டிதானே?"

நான் ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"அட சொல்லுங்கண்ணே. நான் என்ன ஆர்.டி.ஓ.வா? அமாவாசைக்கு அமாவாசை ஈரச்சேலை ஏறுன வண்டின்னு தகடே சொல்லுது." குழியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். "பின் சக்கரத்துக்குப் போற பிரேக் பைப்பு துருப்புடிச்சுப் பொரிஞ்சு போய்க் கெடக்கு. இன்னும் கொஞ்ச நாள் போனா வெடிச்சு ஆயில் பூரா கொட்டிரும். எங்கன இருக்குன்னு காட்டுறேன். உள்ள எறங்கி அண்ணாந்து பாருங்க."

நான் கல்யாணத்துக்குக் கட்டிய வெள்ளை வேட்டியில் இருந்தேன். குழி எல்லாம் எண்ணெய். "நீங்க பாத்தா நான் பாத்த மாதிரிதான் பாய்" என்றேன்.

"வேட்டிய நெனைக்கிறீகளாக்கும். சரி, கழுவுறீகளா?"

"ஒவ்வொரு நடைக்கும் கழுவுறேன்" என்று கொஞ்சம் தெம்பாகவே சொன்னேன்.

"எந்தத் தண்ணியில?"

"போர் தண்ணி."

"எந்த ஊரு?"

"சாயல்குடிப் பக்கம்."

அவர் சிரித்தார். "உங்க ஊரு போர் தண்ணிய நாக்குல வச்சுப் பாத்திருக்கீகளாண்ணே? உப்பு வெளைய வைக்கிற ஊரு அது. உப்ப உப்பால கழுவி இருக்கீக. கழுவாமயே விட்டிருந்தா இன்னும் ரெண்டு வருசம் தாங்கியிருக்கும்."

பக்கத்தில் வேறொரு டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரும் சிரித்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஐந்து வருசமாக எதைப் பெருமை என்று நினைத்துச் செய்தேனோ அதை இரண்டு பேர் சேர்ந்து சிரித்த மாதிரி இருந்தது.

"ரெண்டு நாளைக்கு விட்டுட்டுப் போங்க. பைப்ப பூரா மாத்தித் தாரேன். இனிமே நல்ல தண்ணியில அடியக் கழுவுங்க" என்றார்.

"அடுத்த வாரம் கம்பெனி சர்வீஸ் இருக்கு பாய். அங்கன சொல்லி மாத்திக்கிறேன்."

"எங்கன மாத்துனாலும் சரி. கம்பெனிக்காரன் நல்லாவே மாத்துவான். ஆனா வாயத் தொறந்து சொல்லுங்க. வண்டி எங்க ஓடுதுன்னும் சொல்லுங்க. சொல்லாம அவனுக்குத் தெரியாது." பேரிங்கை மட்டும் மாற்றிக் கொடுத்தார். நான் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் குனிந்து, "மறந்துறாதீக" என்று இன்னொரு தடவை சொன்னார்.

மறக்கவில்லை. அடுத்த வாரம் கம்பெனிக்குப் போகும்போது வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். அந்தத் தம்பி எழுந்து நின்றான். "வாங்க சார், வேற ஏதாவது கம்ப்ளைண்ட் இருக்கா சார்?" என்றான்.

பைப் பொரிந்திருக்கிறது என்றால், யார் சொன்னது என்று கேட்பான். வெளியே விட்டீர்களா என்பான். வீட்டுக் காருக்கு எப்படிப் பொரியும் என்பான். ஐந்து வருசமாகச் சொன்ன எல்லாம் பொய் என்று ஆகும். பக்கத்து நாற்காலியில் நல்ல உடுப்போடு ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது.

"பிரேக்கெல்லாம் பாப்பீங்கல்ல தம்பி?" என்று மட்டும் கேட்டேன்.

"எல்லாம் செக்லிஸ்ட்லயே இருக்கு சார்."

அந்த வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. போதும் என்று நானே ஆக்கிக்கொண்டேன். அடியில் துருப் பிடிக்காமல் இருக்கக் கருப்புப் பூச்சு ஒன்று அடிக்கலாம் என்றான். அதை அடியுங்கள் என்றேன். பாய் சொன்னதற்கு ஏதோ செய்துவிட்டேன் என்று மனசு சமாதானமாயிற்று. சாயங்காலம் கார் பளபளவென்று வந்தது. குனிந்து பார்த்தால் அடியெல்லாம் கருகருவென்று புதுசு போல இருந்தது. புத்தகத்தில் சீல் வைத்துக் கொடுத்தார்கள்.

பதினோராம் நாள் மாமா ஒரு குடும்பத்தை ராமேஸ்வரத்தில் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பினார். உச்சிவேளை. பாம்பனுக்கு முந்தின அக்காள்மடத்தில் முன்னால் போன மினிபஸ் சட்டென்று நின்றது. மீன் கூடையோடு பெண்கள் இறங்கி ரோட்டைக் கடக்க ஆரம்பித்தார்கள். மாமா பிரேக்கை மிதித்தார். பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. கார் பாதி பிடித்தும் பிடிக்காமலும் ஒரு பக்கமாக இழுத்தது. நேரே விட்டால் அந்தப் பெண்கள் மேல் ஏறும். அவர் இடது பக்கம் ஒடித்து, ஓடைப் பாலத்துச் சுவரில் விட்டார். ஒரு கூடைக்காரிக்கும் கீறல் கூட இல்லை. ரோட்டில் டயர் தடம் ஒற்றைக் கோடாக, குட்டையாக விழுந்திருந்தது. அதைப் பார்த்தவர்கள், பிரேக்கே ஒழுங்காகப் போடவில்லை, அவ்வளவு வேகம் என்று பேசிக்கொண்டார்கள்.

மதுரை ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இரண்டாம் நாள்தான் மாமாவுக்குப் பேச்சு வந்தது. கட்டிலைச் சுற்றி உங்கள் அம்மா, அவள் பக்கத்துச் சொந்தங்கள், நான்.

"மச்சான், மிதிச்சேன் மச்சான். உள்ள போயிருச்சு" என்றார்.

அப்போது நான் என்ன சொன்னேன் என்பதை எழுதத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். "சர்வீஸ் விட்டுப் பதினஞ்சு நாள்கூட ஆகல மாப்ளே" என்றேன்.

அது பொய் இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கம்பெனியில் சர்வீஸ் விட்ட காரில் பிரேக் எப்படிப் போகும்? உங்கள் அம்மா, "எத்தன தடவ சொல்லியிருப்பேன், மெதுவாப் போடா மெதுவாப் போடான்னு" என்று அழுதுகொண்டே அவர் தோளில் அடித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கிடந்த காரை எடுத்துப் போகலாம் என்று சொன்னபோது, இழுத்து வர மண்டபம் பாயைத்தான் கூப்பிட்டேன். அவர் முன்பக்க நசுங்கலைப் பார்க்கவே இல்லை. நேரே போய்ப் பின்னால் தரையில் படுத்தார். நகத்தால் கீறினார். கருப்புப் பூச்சு தொலியாக உரிந்து வந்தது. கூடவே பைப்பும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. எழுந்து வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"ஒத்தக் கோடுதானே விழுந்துச்சு? பின்னாடி பைப்பு வெடிச்சு, அதோட சேந்த முன் சக்கரமும் போயி, மத்த முன் சக்கரம் மட்டும் புடிச்சிருக்கு. அந்தத் தம்பி நல்லாத்தான் மிதிச்சிருக்கு" என்றார். கையைத் தட்டிக்கொண்டே, "கம்பெனியில சொல்லலியாண்ணே?" என்று கேட்டார்.

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"சரி. வீட்டுல நான் வந்து சொல்லவா?"

"வேணாம் பாய்."

"அப்ப நீங்க சொல்லணும்."

"சொல்றேன்" என்றேன்.

பெண் வீட்டிலிருந்து ஆள் வந்தார்கள். அவர்கள் காலைப் பற்றிப் பேசவில்லை. "காலு இல்லாட்டியும் கஞ்சி குடிச்சிரலாம். பொறுப்பு இல்லாதவனுக்கு எப்படிப் பொண்ணக் குடுக்குறது?" என்று சொல்லித் தாம்பூலத்தைத் திருப்பி வைத்தார்கள். அப்போதும் நான் அங்கேதான் தூணோரம் நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் உங்கள் அம்மா என் முகத்தில் விழிப்பாளா என்று யோசித்தேன். வாடகை ஓட்டியது வெளியே வந்தால் கேஸ் என்ன ஆகும் என்று யோசித்தேன். மாமாவைப் பற்றி யோசிக்கவே இல்லை. அதன் பிறகு ஒரு வருசம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று. ஒரு தடவை சாயல்குடி பஸ் ஸ்டாண்டில் பாய் எதிரே வந்தார். "சொல்லியாச்சா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையைக் குனிந்தேன். அதற்குப் பிறகு மண்டபம் வழியாகப் போக வேண்டிய வேலை எதையும் நான் வைத்துக்கொள்ளவில்லை.

கம்பெனி நல்லதா, வெளி மெக்கானிக் நல்லவரா என்று நாளைக்கு நீங்கள் ஒரு வண்டி வாங்கும்போது ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இரண்டு இடத்திலும் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எந்த இடத்தில் உங்கள் வாயால் உண்மையைச் சொல்ல முடியுமோ அந்த இடத்தில் விடுங்கள். எனக்கு அப்படி ஓர் இடம் கிடைத்தது. ஆனால் அங்கே என்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதற்காக, சார் என்று கூப்பிட்ட இடத்துக்கு மறுபடியும் போனேன்.

சின்னவள் சொன்ன அந்த வார்த்தைக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் கண்மாய்ப் பக்கம் விளையாடப் போனபோது, மாமா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து ரேடியோ ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார். கடைசி வரைக்கும் திருகாணியை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரியில இருக்கும்போதே சந்தேகம். கார எடுக்கப் போன அன்னைக்கு நிச்சயமாத் தெரியும்."

"அப்ப பொண்ணு வீட்டுக்காரவுக வந்தப்ப?"

"தெரியும்."

அவர் திருகாணியை உருட்டுவதை நிறுத்தினார். அப்புறம் காலி வேட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"நான் மிதிச்சேனா, மிதிச்சதா நெனைச்சுக்கிட்டேனான்னு நாலு வருசமா யோசிக்கிறேன் மச்சான். நீங்க எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அந்தக் கால்கிட்ட கேக்கலாம்னு பாத்தா, அதுவும் இல்ல" என்றார்.

என்னை மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். "போங்க மச்சான். கொஞ்ச நாளைக்கு இங்கன வராதீக" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். திருகாணி கீழே விழுந்தது. அதை எடுத்துக் கட்டில் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

உங்கள் அம்மாவிடமும் அன்றே சொன்னேன். "அன்னைக்கு நீங்க சொன்னதக் கேட்டுத்தான நான் எந்தம்பிய அடிச்சேன்" என்றாள். அவ்வளவுதான். சோறு போடுகிறாள், தண்ணீர் வைக்கிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஏன் வீடு இப்படி இருக்கிறது என்று கேட்டீர்களே, இதற்காகத்தான்.

இனி மாமா எப்போதாவது ஸ்கூட்டரில் ஏறச் சொல்லிக் கூப்பிட்டால் ஏறுங்கள். கூப்பிடாமல் போனால், நீங்களாகப் போய்க் கேளுங்கள். அவர் மிதித்தார். அந்த ரோட்டில் நடந்து போகிற ஏழெட்டுப் பெண்களுக்குக் கால் இருப்பது அவரால்தான்.

நேற்று லாரி வந்து போன பிறகு, அம்மா காட்டுக்குப் போயிருந்த நேரத்தில், குடத்திலிருந்து ஒரு செம்பு நல்ல தண்ணீர் மொண்டுகொண்டு வீட்டுக்குப் பின்னால் போனேன். கோழியை விரட்டிவிட்டு, கட்டியிருந்த வேட்டியோடு அப்படியே தரையில் மல்லாக்கப் படுத்துக் காருக்கு அடியில் நகர்ந்தேன். பாய் பார்க்கச் சொன்ன இடம் அங்கேயே இருந்தது. கருப்புப் பூச்சு உரிந்து, இரண்டு முனையும் வாயைத் திறந்துகொண்டிருந்தன. விரலைத் தண்ணீரில் நனைத்து அதைத் துடைத்தேன். துரு கரைந்து ஒரு சொட்டு என் உதட்டில் விழுந்தது. இன்னும் உப்பாகத்தான் இருந்தது. செம்பில் மிச்சம் இருந்த தண்ணீரையும் அதன் மேல் தெளித்தேன்.